தேக்காவில் கற்ற வியாபாரம்



வெளிநாட்டுக்குக் குடிபோகும் பிள்ளைகள், வீடு பிடித்துப் பெட்டியை இறக்கி வைத்ததும் முதலில் விசாரிப்பது மளிகைக் கடையைத்தான். புழுங்கல் அரிசி எங்கே கிடைக்கும், முழு உளுந்து இருக்குமா, கருவேப்பிலை என்ன விலை என்று கேட்டு அலைந்து, கடைசியில் கைக்கு அடக்கமான விலையில் ஒரு கடையைக் கண்டுபிடித்து விட்டால், அன்றைக்குத்தான் அந்த ஊரில் அவர்களுக்கு வேர் பிடிக்கிறது. எங்கள் மகள் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. அந்தக் கடைகளை நேரில் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்கும் கிடைத்தது. பார்த்துத் திரும்பிய பிறகு தென்காசியில் எங்கள் கடையில் சில மாற்றங்கள் செய்தோம். இரண்டையும் நம் வணிக நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இதை எழுதுகிறோம்.

எங்கள் கடை தென்காசியில் மூன்று தலைமுறையாக நடக்கிறது. மொத்த வியாபாரம் பிரதானம். முன்புறம் சில்லறையும் உண்டு. குற்றாலம், செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம், கடையநல்லூர் பக்கத்துக் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் சரக்குப் போகிறது. குற்றாலத்தில் சீசன் நடக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சைக்கூட எடுப்பதில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் அந்த வழக்கத்தை மீறினோம். மகளுக்குச் சிங்கப்பூரில் பிரசவம். கடையைத் தம்பியிடமும் கணக்குப்பிள்ளையிடமும் ஒப்படைத்து விட்டுக் கணவன் மனைவி இருவரும் விமானம் ஏறினோம்.

முதல் மூன்று மாதம் பட்ட பாடு

மகளும் மாப்பிள்ளையும் 2022-இல் அங்கே குடிபோனார்கள். மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் நல்ல சம்பளம்தான். ஆனால் வீட்டு வாடகை சம்பளத்தில் பெரும் பகுதியைத் தின்று விடுகிறது. மிச்சத்தில்தான் அடுப்பு எரிய வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் குளிர்பதனம் செய்த ஒரு பெரிய கடை. அங்கே நம் நாட்டுச் சாமான்களுக்கென்று ஒரு தட்டு. அதில் கால் கிலோ, அரைக் கிலோ பொட்டலங்கள். விலையைப் பார்த்தால் கை பின்னுக்கு வந்து விடும்.

“நம்ம கடையில உளுந்து மூட்டை மூட்டையாக் கெடக்கும்லாப்பா. இங்க கால் கிலோ பாக்கெட்டத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு வச்சிட்டு வருவேன்” என்று மகள் சொன்னபோது எங்கள் வீட்டம்மாவுக்குக் கண் கலங்கி விட்டது.

இது ஒருபுறம் இருக்க, வேறொரு கடையில் நடந்ததுதான் எங்களுக்கு மனதில் தைத்தது. அது நம்மவர் நடத்தும் சிறிய கடை. சரக்குகளில் விலை எழுதியிருக்கவில்லை. மகள் மல்லியும் மிளகாய் வற்றலும் வாங்கிப் பணம் கொடுத்து விட்டு நின்றபோது, பின்னால் வந்த பழைய வாடிக்கைக்காரருக்கு அதே மல்லியை அதே எடையில் குறைந்த விலைக்குக் கொடுத்தார்களாம். கேட்டதற்கு, அது போன மாதச் சரக்கு என்றார்களாம். வீட்டுக்கு வந்து பிரித்தால் மல்லியில் வண்டு. “புதுசா வந்தவங்கன்னு மொகத்தப் பார்த்தாலே தெரிஞ்சிரும் போலப்பா” என்றாள். கடையின் பெயர் நமக்கு வேண்டாம். மாதக்கணக்கில் அந்தக் கடைக்காரரை மனதுக்குள் திட்டிக் கொண்டிருந்தோம் என்பதை மட்டும் இங்கே குறித்து வைக்கிறோம். பின்னால் அது தேவைப்படும்.

கடையநல்லூரார் காட்டிய வழி

மகளின் பக்கத்து வீட்டில் ஒரு தமிழ் முஸ்லிம் அம்மா. அவருடைய பாட்டனார் காலத்திலேயே கடையநல்லூரிலிருந்து போனவர்கள். மகள் தென்காசி என்று சொன்னதும், “அப்போ நம்ம ஊருப் புள்ளயா!” என்று கையைப் பிடித்துக் கொண்டாராம்.

கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் மக்களுக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள தொடர்பு நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பகுதியில் பலர் குடியிருந்தார்கள். சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-இல் தொடங்கப்பட்டது. அந்தச் சங்கத்தின் முயற்சியால் 1946-இல் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளி ஏற்பட்டு 1982 வரை நடந்தது. தென்காசி முஸ்லிம்களுக்கும் அங்கே தனிச் சங்கம் உண்டு. பிழைக்கப் போன குடும்பங்களில் மசாலா அரைத்துச் சந்தையில் விற்றவர்களும் இருந்தார்கள். நம் ஊர் அம்மியும் உரலும் அந்தத் துறைமுகப் பட்டணத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன.

அந்த அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக் கொண்டு போய்ச் சிராங்கூன் சாலையில் இறக்கி விட்டார். ‘தேக்கா’ என்று அங்குள்ள தமிழர் சொல்லும் இடம் அதுதான். சீனர் பேச்சில் மூங்கில் அடி என்ற பொருளில் வந்த பெயராம். 1915-இல் எழுந்த பழைய சந்தை போய், எதிர்ப்புறம் 1982-இல் இப்போதுள்ள கட்டடம் வந்தது. கீழே காய்கறி, மீன், இறைச்சி. சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. சுற்றிலும் தெருத் தெருவாக மளிகைக் கடைகள். பக்கத்துக் கடையில் ஒரு கிலோ உளுந்துக்குக் கொடுத்த காசுக்கு இங்கே ஏறக்குறைய இரண்டு கிலோ வந்ததாம். அன்று சாயங்காலம் மகள் எங்களுக்குத் தொலைபேசியில் பேசியபோது குரலே மாறியிருந்தது.

எங்களை அழைத்துப் போனபோது அந்தச் சந்தையில் நாங்கள் அதிக நேரம் நின்றது ஒரு மசாலாக் கடை முன்னால். அரைத்த ஈர மசாலாக்கள் நிறம் நிறமாகப் பாத்திரங்களில் இருக்கின்றன. சீன மாது ஒருவர் வந்தார். மீனா, கோழியா, எத்தனை பேருக்கு, காரம் எவ்வளவு என்று கடைக்காரர் கேட்டார். பதிலுக்குத் தக்கபடி இதில் ஒரு கரண்டி, அதில் ஒரு கரண்டி எடுத்துக் கலந்து ஒரு சிறு பையில் கட்டிக் கொடுத்து, எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்பினார். வந்தவருக்குக் குழம்பு வைக்கத் தெரியாமலிருக்கலாம். அடுத்த வாரம் அவர் வேறு கடைக்குப் போக மாட்டார்.

தள்ளுவண்டியிலிருந்து எழுந்த கடை

தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்தில், சையது அல்வி சாலையில் இருக்கிறது முஸ்தபா சென்டர். நம் ஊரிலிருந்து சிங்கப்பூர் போய் வந்தவர்கள் இந்தப் பெயரைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். இதன் கதை வணிகர் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டியது. உத்தரப் பிரதேசத்திலிருந்து சிறு வயதில் தந்தையோடு வந்தவர் முஸ்தாக் அகமது. தந்தை தள்ளுவண்டி வியாபாரி. 1971-இல் கேம்பல் லேன் என்ற சந்தில் ஒரு சின்னத் துணிக்கடையாகத் தொடங்கினார்கள். பேரம் பேசுவதே வழக்கமாக இருந்த அந்தப் பகுதியில், விலையை எழுதி ஒட்டி ஒரே விலைக்கு விற்றது இவர்களுடைய முறை. படிப்படியாக வளர்ந்து 1995-இல் இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தார்கள். 2003 முதல் கொரோனாக் காலம் வரை இரவு பகல் 24 மணி நேரமும் கடை திறந்திருந்தது.

நகை, கைக்கடிகாரம், பெட்டி, துணி எல்லாவற்றையும் தாண்டி மளிகைப் பகுதிக்குப் போனோம். புட்டு மாவில் மட்டும் எத்தனை வகை! இடியாப்ப மாவு, வடகம், அப்பளம், ஊறுகாய், வெல்லம், கருப்பட்டி. இலங்கைச் சரக்கு ஒரு பக்கம், மலேசியச் சரக்கு ஒரு பக்கம், வங்காளதேசம், பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று பிழைக்க வந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவரவர் சமையலறைக்கு வேண்டியது இருக்கிறது. 100 கிராமும் உண்டு, 5 கிலோவும் உண்டு. சம்பளம் வாங்காத வாரத்தில் சின்னப் பொட்டலம், வாங்கிய வாரத்தில் பெரிய பை. எதை எடுத்தாலும் விலை எழுதியிருக்கிறது. யாரிடமும் வாய் திறக்காமல், மொழி தெரியாமல், ஏமாறாமல் வாங்கி விட்டு வரலாம். இந்த நிம்மதிக்குத்தான் மகள் மூன்று மாதம் அலைந்தாள் என்று அப்போது புரிந்தது.

அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் டெவான் அவென்யூவில் 1974-இல் குஜராத்தி அண்ணன் தம்பிகள் திறந்த பட்டேல் பிரதர்ஸ் என்ற கடையும் இதே போல் எழுந்ததுதான். சிறிய ஒரு கடையில் தொடங்கி, இன்று பல மாநிலங்களில் 50-க்கு மேல் கிளைகள். ஊர் விட்டு வந்தவனுக்கு என்ன தேவை என்பது ஊர் விட்டு வந்த இன்னொருவனுக்குத் தெரிந்திருந்தது.

விலை எப்படிக் கட்டுகிறது?

கடைக்காரர்களாகிய நமக்கு எழும் கேள்வி இதுதான். வாடகை நெருப்பாக இருக்கும் ஊரில், கடல் கடந்து வரும் சரக்கை எப்படி மலிவாக விற்க முடிகிறது? எங்கள் அனுபவத்தில் தெரிந்த வரை சொல்கிறோம்.

முதலாவது, கப்பல் கூலி. 20 அடிக் கண்டெய்னர் ஒன்றில் 20 டன்னுக்கு மேல் அரிசி ஏறும். அத்தனை கிலோவுக்கும் பங்கிட்டால் ஒரு கிலோவுக்கு விழும் கூலி சொற்பம். நாலு பெட்டி, ஐந்து பெட்டி என்று பிறரிடம் கைமாற்றி வாங்குகிற கடைக்குத்தான் அது கனக்கிறது. விமானத்தில் வர வேண்டிய கீரைக்கும் வெற்றிலைக்கும் விலை ஏறுவதும் இதனால்தான்.

இரண்டாவது, முதல் சுற்றும் வேகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கை 10 சதவீதம் லாபம் வைத்து மாதத்தில் ஒரு முறை விற்றால் 10,000 ரூபாய். அதே சரக்கை 4 சதவீதம் லாபத்தில் வாரம் ஒரு முறை விற்றுச் சுற்றினால் மாதத்துக்கு 16,000 ரூபாய். அதோடு வண்டு விழுவதில்லை, வாசனை போவதில்லை, கழிவு இல்லை. வாங்குகிறவருக்கும் புதுச் சரக்கு. குறைந்த லாபம் நஷ்டம் ஆகாது. தங்கிய சரக்குத்தான் நஷ்டம். இது நம் பெரியவர்கள் சொல்லாததும் அல்ல. நாம் மறந்ததுதான்.

மூன்றாவது, அங்கே விலைக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. 1973-இல் விலைவாசி ஏறியபோது தொழிற்சங்கங்கள் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடையைத் தொடங்கின. இன்று ஃபேர்பிரைஸ் என்ற பெயரில் தீவு முழுவதும் கிளைகள். அரிசி, எண்ணெய், சர்க்கரைக்கு அங்கே ஒரு விலை இருப்பதால் மற்றவர்கள் மனம்போல ஏற்ற முடிவதில்லை. சென்னை திருவல்லிக்கேணியில் 1904-லேயே கூட்டுறவுப் பண்டகசாலை கண்டவர்கள் நாம். இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல.

அரிசிக்குத் தடை வந்த நாட்கள்

நாங்கள் அங்கே இருந்தபோதே ஒரு சோதனை வந்தது. 2023 ஜூலை 20-ஆம் தேதி, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்திய அரசு தடை செய்தது. அமெரிக்காவில் நம்மவர்கள் கடை வாசலில் கூட்டமாக நின்று மூட்டை மூட்டையாக அள்ளியதும், கடைகளில் ஒருவருக்கு ஒரு மூட்டைதான் என்று எழுதி வைத்ததும் செய்திகளில் வந்தன. சிங்கப்பூரில் அந்த அளவுக்குப் பதற்றம் இல்லை. அங்கே அரிசி இறக்குமதியாளர்கள் மாத இறக்குமதியைப் போல் இரண்டு மடங்கு இருப்பு வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆகஸ்டு இறுதியில் சிங்கப்பூருக்கு அரிசி அனுப்ப இந்தியா இசைந்தது. புழுங்கல் அரிசிக்கு முதலில் தடை இல்லை. ஆகஸ்டில் 20 சதவீதம் வரி வந்தது. இந்தத் தடையும் வரியும் 2024 அக்டோபருக்குள் நீங்கின.

அந்த முதல் வாரத்தில் மகள் வழக்கமாக வாங்கும் கடையில் பழைய விலை பழையபடியே இருந்தது. கையிருப்பு தீரும் வரை இதே விலை என்று சொல்லி, ஒரு வீட்டுக்கு ஒரு பைதான் கொடுத்தார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு கடையில், ஏற்கெனவே உள்ளே கிடந்த மூட்டைக்கே விலையை ஏற்றி விட்டார்கள். நாலு நாளில் ஏற்றிய காசு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று தெரியவில்லை. மகளும் அவள் கூட்டாளிகளும் அந்தக் கடைப் பக்கமே பிறகு போவதில்லை என்பது தெரியும்.

வங்காளி வாங்கிய எண்ணெய்

ஊர் திரும்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை முஸ்தபா கடையின் பின்பக்கமாக நடந்து போனோம். லெம்பு சாலைப் பக்கம் வங்காளதேசத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் கூடியிருந்தார்கள். கட்டட வேலை, கப்பல் பட்டறை வேலை செய்கிறவர்கள். வாரம் ஒரு நாள் விடுமுறை. சுற்றியுள்ள கடைகளின் பலகையில் வங்காள எழுத்து. வாசலில் பொரி மூட்டை, மைசூர்ப் பருப்பு, அடுக்கடுக்காகக் கடுகு எண்ணெய்ப் பாட்டில். ஒரு இளைஞர் சின்னப் பாட்டில் ஒன்றை வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்துச் சிரித்தார்.

அப்போது எங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. சிங்கப்பூர் புறப்படுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன், ஒடிசாவிலிருந்து வந்து இங்கே மர அறுவை ஆலையில் வேலை செய்யும் ஒரு பையன் எங்கள் கடைக்கு வந்தான். பதினெட்டு, இருபது வயது இருக்கும். “சர்சோ தேல், சர்சோ தேல்” என்றான். கடைப்பையன்களுக்குச் சிரிப்பு. அவன் செல்போனில் படத்தைக் காட்டினான். கல்லாவில் இருந்த நாங்கள் நிமிர்ந்தும் பாராமல், “அதெல்லாம் இங்க கெடையாது, போப்பா” என்றோம். அவன் ஒரு பாக்கெட் பாமாயிலை வாங்கிக் கொண்டு போனான். கடுகு எண்ணெய்தான் அவன் கேட்டது. வங்காளம், ஒடிசா, பீகார்ப் பக்கத்தில் அது இல்லாமல் சமையல் இல்லை. நமக்கு நல்லெண்ணெய் எப்படியோ அப்படி.

எங்கள் மகளுக்கு ஒரு தேக்கா வேண்டியிருந்தது. அந்தப் பையனுக்குத் தென்காசியில் தேக்கா எது?

நம் கல்லாவிலும் அதே தவறு

ஊர் வந்த மறுவாரம் சில்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தோம். வடநாட்டுத் தொழிலாளர் வரும்போது கடைப்பையன் வாய்க்கணக்காக விலை சொன்னான். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் கூட. கூப்பிட்டுக் கேட்டோம். “மொதலாளி, அவங்ககிட்ட எல்லாக் கடையிலயும் இப்படித்தான் வாங்குதாங்க” என்றான். அந்தப் பணம் கல்லாவுக்குத்தான் வந்திருந்தது. அவன் எடுத்துக் கொள்ளவில்லை. அதாவது குற்றம் எங்களுடையது. சிங்கப்பூரில் எங்கள் மகளுக்கு ஒருவர் செய்ததை, இங்கே வேறொருவர் மகனுக்கு நாங்கள் செய்து கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் மார்ச் மாதம்தான் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரைத் தாக்குகிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவி, பலர் பயந்து ஊருக்கு ரயில் ஏறினார்கள். அரசாங்கம் அது பொய் என்று அறிவித்தது. பொய்யை அவர்கள் ஏன் நம்பினார்கள் என்று அப்போது நாங்களும் ஆச்சரியப்பட்டோம். ஊர் தெரியாதவன் ஊரில் தினமும் முகம் பார்த்துப் பேசுவது வேலை வாங்குகிறவரோடும் கடைக்காரரோடும்தான். நாம் முகம் கொடுக்காவிட்டால் அவன் வதந்தியை நம்பாமல் என்ன செய்வான்?

முதல் வேலையாக ஒரு கரும்பலகை வாங்கி, அரிசி, ஆட்டா, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, வெங்காயம், உருளைக்கிழங்கு இவற்றின் விலையை எழுதி வாசலில் வைத்தோம். எண் எல்லா மொழிக்காரருக்கும் பொது. ஆறு வருஷமாக இந்த ஊரில் இருக்கும் ஒரு தச்சர், பொருள்களின் பெயரை இந்தியில் எழுதிக் கொடுத்தார். பிறகு ஒரு பெட்டி கடுகு எண்ணெய், 200 மில்லிப் பாட்டில், தருவித்தோம். மைசூர்ப் பருப்பும் ஆட்டாவும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டோம்.

தவறுகளும் நடந்தன. ஒரு பீகார்க்காரர் வந்து “சத்து” என்று கேட்டார். கடைப்பையன் உற்சாகமாகக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சத்துமாவுப் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்து விட்டான். மறுநாள் அவர் திருப்பிக் கொண்டு வந்தார். அவர் கேட்டது வறுத்த கொண்டைக்கடலை மாவு. அதைத் தண்ணீரில் கரைத்து உப்பும் வெங்காயமும் போட்டு வெயில் காலத்தில் குடிப்பார்களாம். இன்னொன்று, ‘பாஞ்ச் போரன்’ என்ற தாளிப்புச் சாமான். பாக்கெட்டாகத் தருவித்ததில் பாதிக்கு மேல் தேங்கிக் காலாவதியாகி விட்டது. ஒரு வங்காளி ஓட்டல் மாஸ்டர் அதைப் பிரித்துக் காட்டினார். வெந்தயம், சீரகம், சோம்பு, கடுகு, கருஞ்சீரகம். ஐந்தும் எங்கள் கடைப் பெட்டிகளிலேயே இருக்கின்றன! இப்போது சம அளவில் கலந்து 50 கிராம் பொட்டலமாகக் கட்டி வைக்கிறோம். தேக்கா மசாலாக் கடைக்காரர் நாலு கேள்வி கேட்டது எதற்காக என்று அப்போது விளங்கியது. கேட்டால்தானே தெரியும்.

இதனால் கோடீஸ்வரர் ஆகி விடவில்லை. வாரம் ஒரு பெட்டி விற்ற கடுகு எண்ணெய் இப்போது மூன்று பெட்டி போகிறது. சனி, ஞாயிறு சில்லறைப் பக்கம் சுறுசுறுப்பாக இருக்கிறது. ரொக்கமோ செல்போன் வழியோ கையோடு கொடுத்து விடுகிறார்கள். எங்கள் பற்று நோட்டில் நிலுவை வைத்திருப்பவர் எல்லாம் உள்ளூர்ப் பிரமுகர்கள்தான்! குற்றாலத்தில் சில ஓட்டல்களின் சமையற்கட்டில் வேலை பார்ப்பவர்கள் சொல்லி, அந்த ஓட்டல் முதலாளிகளே புதிதாக எங்களிடம் சரக்கு எடுக்கிறார்கள். மாற்றத்தில் பெரிய வரவு அதுதான்.

நாம் செய்யக் கூடியவை

சிறு கடை நடத்தும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள்.

1. விலையை எழுதி வையுங்கள். கரும்பலகைக்கு ஆகும் செலவு அற்பம். எழுதிய விலை, ஊர்க்காரருக்கும் ஒன்று, வேற்றூராருக்கும் ஒன்று. குற்றாலத்துக்குக் குளிக்க வரும் குடும்பத்துக்கும் அதே விலைதான். ‘சீசன் விலை’ என்ற பெயரை நம் கடைகளிலிருந்து எடுத்து விட்டால், கிராம்பும் மிளகும் வாங்கிப் போனவர்கள் அடுத்த வருஷமும் நம் கடையைத் தேடி வருவார்கள்.

2. உங்கள் தெருவில் புதிதாக யார் குடிவந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அறுவை ஆலை, செங்கல் சூளை, ஓட்டல், கட்டட வேலை, எங்கே யார் இருக்கிறார்கள், என்ன சமைக்கிறார்கள் என்று நாலு வார்த்தை கேளுங்கள். முதலில் ஒரே ஒரு பெட்டி வாங்கி வைத்துப் பாருங்கள். விற்றால் அடுத்தது.

3. சின்னப் பொட்டலம் கட்டுங்கள். தினக்கூலிக்காரருக்கு 200 மில்லி எண்ணெயும் கால் கிலோ பருப்பும்தான் கைக்கு அடக்கம். ஆனால் சின்னப் பொட்டலத்துக்குக் கிலோ விலையைக் கண்டபடி ஏற்றாதீர்கள்.

4. கடுகு எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்காதீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிம எண் அச்சிட்ட, மூடி முத்திரையிட்ட பாட்டிலாகவே வாங்குங்கள். 1998-இல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்ததால் நீர்க்கோவை நோய் வந்து பலர் இறந்தார்கள். 2021 ஜூன் முதல் கடுகு எண்ணெயோடு வேறு எண்ணெய் கலப்பதற்கே தடை இருக்கிறது.

5. மசாலா அரைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும் நண்பர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். 2024 ஏப்ரலில், இந்தியாவிலிருந்து போன ஒரு மீன் குழம்பு மசாலாவில் எத்திலீன் ஆக்சைடு அளவுக்கு மேல் இருந்தது என்று சிங்கப்பூர் உணவுத் துறை அதைத் திரும்பப் பெறச் செய்தது. பூச்சிக்கும் கிருமிக்கும் போட்ட மருந்தே சரக்கைத் தடுத்து விட்டது. பரிசோதனைக்குச் செலவழிக்கத் தயங்கினால் அயல்நாட்டு வியாபாரம் வேண்டாம்.

நம் குற்றாலத் தோட்டங்களில் விளையும் மங்குஸ்தானும் ஜாதிக்காயும் கிராம்பும் இந்த மண்ணில் பிறந்தவை அல்ல. கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து வெள்ளையர் காலத்தில் கொண்டு வந்து நட்டவை. சாரலும் நிழலும் கிடைத்ததால் பிடித்துக் கொண்டன. இன்று அவற்றைக் குற்றாலத்துச் சரக்கு என்றே விற்கிறோம்.

2012-இல் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது நாம் எல்லோரும் எதிர்த்தோம். தமிழ்நாட்டு அரசும் ஏற்கவில்லை. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் பெரிய கடைக்காரன் நம்மைத் தோற்கடிப்பது எழுதிய விலையாலும் புதுச் சரக்காலும்தான் என்றால், அந்த இரண்டையும் நாம் இன்றைக்கே செய்யலாம். அதற்கு எந்த அரசாங்கத்தின் அனுமதியும் வேண்டாம். வாடிக்கைக்காரரின் முகம் பார்த்து, அவர் வீட்டுச் சமையலைக் கேட்டு விற்பது நம்மால்தான் முடியும்.

அந்த ஒடிசாப் பையன் இப்போது எங்கள் கடைக்கு வாரம் தவறாமல் வருகிறான். கடுகு எண்ணெய் வந்த முதல் வாரமே அறுவை ஆலைக்கு ஆள் அனுப்பிச் சொல்லி விட்டிருந்தோம். “அண்ணாச்சி” என்று கூப்பிடக் கற்றுக் கொண்டிருக்கிறான். அவனைப் பெற்றவர்களும் எங்கோ ஒரு கிராமத்தில், பிள்ளைக்கு நல்ல சாப்பாடு கிடைக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக் கொண்டிருப்பார்கள். எங்கள் மகளிடம் நாங்கள் கேட்டது போலவே. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது அவன் சரக்கு வாங்கும் கடை. அது நம் கடையாக இருக்கட்டும்.